ஹோர்ட்டன் சமவெளிக்குப் போகிறவர்கள் காலை ஆறு மணிக்கு வாசலில் நில்லுங்கள்

இந்தக் குறிப்பில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைக்க முடியும் என்றால், தலைப்பில் இருப்பதை வைத்துக்கொள்ளுங்கள். இலங்கை மலைநாட்டில் இருக்கும் இந்தத் தேசியப் பூங்காவின் வாயில் காலை ஆறு மணிக்குத் திறக்கும், அப்போது நீங்கள் அங்கே இருக்க வேண்டும். நுவரெலியாவில் ஹோட்டல் எடுத்து, எட்டு மணிக்குச் சாப்பிட்டு, ஒன்பது மணிக்கு வேனில் ஏறி வந்து, உலக முடிவு (World's End) என்ற செங்குத்துப் பள்ளத்தின் விளிம்பில் நின்று வெள்ளைச் சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்பும் குடும்பங்களை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். பிள்ளைகள் "எங்கே அம்மா பள்ளம்?" என்று கேட்பார்கள், அம்மாவுக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. யாழ்ப்பாணத்திலிருந்து இரவு முழுக்க ஓடி வந்தவர்களுக்கு அப்படி நடந்தால் எனக்கே மனம் தாங்காது, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஏன் அப்படி மூடிக்கொள்கிறது என்றால், சமவெளி 2,100 மீட்டருக்கு மேலே இருக்கிறது, அதன் தெற்கு விளிம்பு ஒரேயடியாக 800 மீட்டருக்கும் மேல் செங்குத்தாக இறங்குகிறது. காலை வெயில் கீழ்நாட்டைச் சூடாக்க ஆரம்பித்ததும் ஈரக்காற்று அந்தச் சுவரோடு ஏறும், ஏற ஏறக் குளிர்ந்து, விளிம்புக்கு வரும்போது முகிலாகிவிடும். இது அநேகமாக ஒன்பது, ஒன்பதரை மணிக்குள் நடந்து முடிந்துவிடும். சில நாள் பத்தரை வரை தாக்குப்பிடிக்கும், சில நாள் விடியும்போதே மூடியிருக்கும். ஜனவரி முதல் மார்ச் வரை வானம் தெளிவாக இருக்கும் வாய்ப்பு அதிகம். ஏப்ரலில் நுவரெலியா சீசன், வண்டி நிறுத்தவே இடம் கிடைக்காது, முடிந்தால் அந்த மாதத்தை விட்டுவிடுங்கள். நீண்ட விடுமுறை நாட்களையும் அப்படியே.

சரி, எப்படிப் போவது. நுவரெலியாவிலிருந்து அம்பேவெல, பட்டிப்பொல வழியாக 32 கிலோமீட்டர். தூரத்தைப் பார்த்து அரை மணித்தியாலம் போதும் என்று நினைக்காதீர்கள், பாதை வளைந்து வளைந்து ஏறும், இருட்டில் பனியும் இருக்கும், நாலரைக்குக் கிளம்பினால் சரியாக இருக்கும். வேன் சாரதியிடம் முதல் நாளே நேரம் பேசி முடித்துவிடுங்கள். தங்கும் இடத்தில் காலைச் சாப்பாட்டைக் கட்டித் தரச் சொன்னால் இரவே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முறை நாங்கள் தங்கிய விடுதியில் "நாலு மணிக்கு ரெடி" என்றார்கள், ஐந்தே காலுக்குத்தான் பொட்டலம் கைக்கு வந்தது, அன்று, உலக முடிவுக்கு முன்னால் வரும் சின்ன விளிம்பான மினி உலக முடிவில் கிடைத்த காட்சியோடு எங்கள் நாள் முடிந்துவிட்டது. பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கம் தங்குகிறவர்கள் பொரலந்த, ஒஹிய வழியாக மற்ற வாயிலுக்கு ஏறலாம். அம்மாவின் ஊர் அந்தப் பக்கம் என்பதால் நான் பெரும்பாலும் இந்த வழியில்தான் போவது. பாதை ஒடுக்கம், ஆனால் வண்டிகள் குறைவு.

ரயிலில் போக ஆசைப்படுகிறவர்களுக்கு, கொழும்பு – பதுளைப் பாதையில் பட்டிப்பொல, ஒஹிய என்று இரண்டு நிலையங்கள் பக்கத்தில் இருக்கின்றன. பட்டிப்பொலதான் இலங்கையின் மிக உயரமான ரயில் நிலையம், கிட்டத்தட்ட 1,898 மீட்டர். ஒஹியவிலிருந்து சமவெளிக்கு நடந்தே ஏறலாம், பதினோரு கிலோமீட்டர் அளவில் வரும், காட்டுக்குள்ளாகப் போகும் அழகான ஏற்றம். ஆனால் அப்படி ஏறினால் காலைக் காட்சி கிடைக்காது, முதல் நாள் ரயிலில் வந்து ஒஹியப் பக்கமே தங்கிவிட்டு விடியற்காலையில் முச்சக்கர வண்டியில் ஏறுவதுதான் புத்திசாலித்தனம். மழைக்காலத்தில் மண்சரிவு வந்தால் இந்தப் பாதை அடைபடும், ரயில் ஓடுகிறதா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

வாசலில் இலங்கையருக்கு ஒரு கட்டணம், வெளிநாட்டவருக்கு அதைவிடப் பல மடங்கு. கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வரும் மாமா சித்தப்பாமார் தமிழில் பேசிச் சமாளிக்கலாம் என்று நினைப்பார்கள், அங்கே பார்ப்பது அடையாள அட்டையை. எல்லோரும் அட்டையைக் கையில் வைத்திருங்கள், இரட்டைக் குடியுரிமை இருந்தால் அதற்கான அத்தாட்சியையும் எடுத்துப் போங்கள். அடுத்து பையைச் சோதிப்பார்கள். ஷொப்பிங் பேக், லஞ்ச் ஷீட், பிஸ்கட் உறை எல்லாவற்றையும் எடுத்துவிடுவார்கள், தண்ணீர்ப் போத்தலில் சுற்றியிருக்கும் லேபலைக்கூடக் கிழித்துவிட்டுத்தான் உள்ளே அனுப்புவார்கள். இதற்குச் சிலர் அங்கே சோதிக்கும் ஊழியப் பிள்ளைகளோடு சண்டை பிடிக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். புல்வெளியில் பறக்கும் ஒரு பொலித்தீன் துண்டை உப்பு வாசனைக்காக ஒரு மரை (பெரிய காட்டு மான்) விழுங்கினால் அதற்குப் பிறகு அது படும் பாட்டை அந்த ஊழியர்கள்தான் பார்க்கிறார்கள். வீட்டிலேயே சாப்பாட்டை வாழை இலையில் கட்டி, எவர்சில்வர் டப்பாவில் போட்டு எடுத்துப் போனால் இந்தச் சிக்கலே இல்லை. தேங்காய் ரொட்டியும் கட்டைச் சம்பலும் நாலு மணித்தியாலம் தாங்கும், குளிரில் அதைப் போல ருசியான சாப்பாடும் இல்லை.

உடுப்பு விஷயத்தில், இலங்கைதானே என்று மெல்லிய சட்டையோடு வராதீர்கள். அங்கே சராசரி வெப்பநிலையே 13 பாகை அளவுதான். ஜனவரி, பெப்ரவரி விடியலில் புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். ஜெர்சி, தொப்பி, அதற்கு மேல் மழைக்கோட்டு, கழற்றிக் கழற்றிப் பையில் போடும்படி அடுக்கடுக்காக. ஏழரை மணிக்கு மேல் வெயில் ஏறினால் அந்த உயரத்தில் தோல் சீக்கிரம் கருகும், பிள்ளைகளுக்குத் தொப்பி கட்டாயம். காலுக்குப் பிடிமானமுள்ள சப்பாத்து. பாட்டா செருப்போடு வருகிறவர்கள் பேக்கர் நீர்வீழ்ச்சி இறக்கத்தில் அழுகிற நிலைக்கு வந்துவிடுவார்கள்.

நடை தொடங்குவது ஃபார் இன் என்ற பழைய வெள்ளைக்காரர் காலத்து விடுதிக் கட்டடத்தில், இப்போது அது பார்வையாளர் நிலையம். கழிப்பறைக்கு இங்கேயே போய்விட்டுக் கிளம்புங்கள். முழுச் சுற்று ஒன்பது, ஒன்பதரைக் கிலோமீட்டர், சாதாரண நடைக்கு மூன்று மணித்தியாலம், பிள்ளைகளோடு நாலு. கொஞ்ச தூரத்தில் பாதை இரண்டாகப் பிரியும், அம்புக்குறிப் பலகை இருக்கிறது. ஒரு கை மினி உலக முடிவுக்கு, மறு கை பேக்கர் நீர்வீழ்ச்சிக்கு. மினி உலக முடிவுப் பக்கத்தையே எடுங்கள். அருவி பத்து மணிக்கும் அங்கேயே விழுந்துகொண்டிருக்கும், பள்ளத்தாக்கு அப்படிக் காத்திருக்காது.

ஆனால் உலக முடிவை நோக்கி ஓடாதீர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். விளிம்புக்கு நாலு கிலோமீட்டர் அளவில்தான், ஆறரைக்கு நடக்கத் தொடங்கினால் நிதானமாகவே எட்டு மணிக்குள் போய்விடலாம். முதல் பகுதி முழுக்கத் திறந்த புல்வெளி, அதன் நடுவே ஓடைகள், ஓரங்களில் குட்டையாகக் கிளை முறுக்கிய மரங்களின் காடு. அந்த மரங்கள் ஏன் ஆளுயரத்துக்குக் கொஞ்சம் மேலே போய் நின்றுவிடுகின்றன, ஏன் எல்லாக் கிளையிலும் பாசி தாடி போலத் தொங்குகிறது என்று காற்று அடிக்கும்போது உங்களுக்கே புரியும். முகிலிலிருந்து இந்த இலையும் பாசியும் பிடித்து வைக்கும் ஈரம் சொட்டுச் சொட்டாக மண்ணுக்குள் இறங்கித்தான் ஓடைகளாகிறது. மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் நீர் இந்தப் பக்கத்திலிருந்து போகிறது. கொழும்பில் குழாயைத் திறந்து களனித் தண்ணீரைப் பிடிக்கிறவருக்கும் இந்தக் காட்டோடு கொடுக்கல் வாங்கல் உண்டு. காட்டுக்குள் நுழைந்ததும் ஒரு பத்து நிமிடம் யாரும் பேசாமல் நடந்து பாருங்கள். மஞ்சள் காதுக் கொண்டைக்குருவி, இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லாத பறவை, அது தலைக்கு மேலேயே கத்திக்கொண்டிருக்கும். மரப்பட்டையைக் கூர்ந்து பார்த்தால் மூக்கில் கொம்பு வைத்த ஓணான் அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்கும், அதுவும் நம் நாட்டில் மட்டும். நெலு என்று சிங்களத்தில் சொல்லும் செடி குறிஞ்சியின் இனம்தான், அதில் ஒரு வகை பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கிறது, 2013இல் அப்படிப் பூத்தபோது அதைப் பார்க்கவென்றே கூட்டம் வந்தது. இரவில் இங்கே திரியும் தேவாங்கு ஒன்று பல பத்தாண்டுகளாக அழிந்துவிட்டதாகவே நினைத்திருந்தார்கள், அதன் படங்கள் 2010இல்தான் வெளியாகின.

உலக முடிவு. இங்கே ஒரு பலகைத் தளம் இருக்கிறது, ஆனால் விளிம்பு முழுக்கக் கம்பி வேலி இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். 2015இல் தேனிலவுக்கு வந்த நெதர்லாந்து நாட்டவர் ஒருவர் படம் எடுக்கப் பின்னால் கால் வைத்து விழுந்து, கீழே ஒரு மரத்தில் சிக்கியதால் உயிர் தப்பினார். மற்றவர்களுக்கு அந்த மரம் கிடைக்காது. பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், செல்ஃபி எடுக்கிறவர் விளிம்புக்கு முதுகு காட்டி நிற்கவே வேண்டாம், பாறை பனியில் நனைந்து வழுக்கும். உட்கார்ந்து பாருங்கள். தெளிவான நாளில் உடவளவைப் பக்கத்து நீர்த்தேக்கம் மின்னும், அதற்கும் அப்பால் தென்கடல் ஒரு கோடாகத் தெரியும். கடலைத்தான் எல்லோரும் தேடுவார்கள். எனக்குக் கண் போவது காலுக்கு நேர் கீழே. அங்கே தெரிவது நொன்பரேல் தேயிலைத் தோட்டம், தீப்பெட்டி போல வரிசையாக இருப்பவை லயன்கள், தோட்டத் தொழிலாளர் வீடுகள். எங்கள் ஆட்கள் அந்த நேரத்துக்குக் கொழுந்துக்கு இறங்கியிருப்பார்கள். என் பாட்டி இப்படி ஒரு மலையின் அடியில்தான் நாற்பது வருடம் கூடை சுமந்தார், மேலே ஒரு நாளும் ஏறிப் பார்த்ததில்லை. அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனபோது அவர் வெகுநேரம் அந்தக் கூரைகளையே பார்த்துக்கொண்டிருந்தார், படம் எடுக்கக் கூப்பிட்டும் வரவில்லை.

தேயிலை ஏன் மேலே வரை ஏறவில்லை என்று அன்று அம்மா கேட்டார். 5,000 அடிக்கு மேலுள்ள மலைக்காடுகளைத் தொடாமல் விட வேண்டும் என்று ஜோசப் ஹூக்கர் என்ற தாவரவியலாளர் ஆங்கிலேய அரசுக்கு ஆலோசனை சொல்லி, 1873இல் அப்படி ஓர் உத்தரவு வந்தது. அது இல்லாவிட்டால் நீங்கள் நடந்து வந்த காடும் தேயிலைதான். பின்னர் இந்தச் சமவெளி 1969இல் பாதுகாக்கப்பட்ட ஒதுக்கமாகி, 1988இல் தேசியப் பூங்காவாகி, 2010இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலிலும் சேர்ந்தது.

திரும்பும் வழியில் பேக்கர் நீர்வீழ்ச்சி. 20 மீட்டர் உயரம்தான், ஆனால் அகலமாக விரிந்து விழும். பார்க்கும் இடத்துக்கு இறங்கும் பாதை செங்குத்து, வேர்களும் ஈரக் கல்லும். அக்காவின் மகன் இங்கே வழுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டான், அங்கிருந்து வண்டி வரைக்கும் நடந்தே வர வேண்டியிருந்தது, தூக்கிப் போக வேறு வழி இல்லை. முழங்கால் வலிக்காரர் மேலேயே நின்று சத்தத்தைக் கேட்கலாம், அதுவே போதும். குளிக்க அனுமதி இல்லை, கெஞ்சாதீர்கள், சுழியில் இறங்கி உயிரை விட்டவர்கள் உண்டு.

வண்டி நிறுத்துமிடத்தில் மரைகள் பக்கத்திலேயே வந்து நிற்கும். பழக்கப்பட்டுவிட்டன. பாணோ வாழைப்பழமோ கொடுக்காதீர்கள், எவ்வளவு பாவமாகப் பார்த்தாலும். கொம்புள்ள ஆண் மரை இருநூறு கிலோவுக்கு மேல் வரும் மிருகம், பிள்ளைகளைப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுக்கும் அளவுக்குச் சாது இல்லை.

இரவு தங்க விரும்பினால் வனஜீவராசிகள் திணைக்களத்தின் விடுதிகளும் கூடாரமடிக்க ஒதுக்கிய இடங்களும் பூங்காவுக்குள் இருக்கின்றன, முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும், நினைத்த இடத்தில் கூடாரம் அடிக்க முடியாது. முகாமுக்குப் போவதானால் முதலில் தரை விரிப்பைப் பற்றி யோசியுங்கள், குளிர் மேலிருந்து வருவதைவிடக் கீழிருந்துதான் அதிகம் ஏறும். தடித்த உறங்குபை, இரண்டு சோடி உலர்ந்த மேஸ் (காலுறை), நெற்றியில் கட்டும் விளக்கு. சாப்பாட்டைக் கூடாரத்துக்குள் வைக்காமல் வண்டிக்குள் பூட்டிவிடுங்கள், காட்டுப்பன்றி மோப்பம் பிடித்து வரும். சிறுத்தையும் உள்ள காடு, இருட்டிய பிறகு முகாமை விட்டு நகராதீர்கள். அந்தக் குளிரைத் தாங்கினால், நட்சத்திரங்களுக்குக் கீழே மரை கூப்பிடுவதைக் கேட்டபடி படுத்திருக்கலாம், விடியலில் வாசல் திறக்குமுன்பே சமவெளி உங்களுக்கு மட்டும் இருக்கும். மதுவும் சத்தப் பாட்டும் இங்கே வேண்டாம், அதற்கு வேறு இடங்கள் இருக்கின்றன.

முதல் சுற்று முடிந்தும் காலில் பலம் இருந்தால் பட்டிப்பொல வாயிலுக்கு அருகே தொட்டுபொல மலைக்கு ஒரு பாதை ஏறுகிறது, 2,357 மீட்டர், நாட்டின் மூன்றாவது உயரம், இராவணனின் புட்பக விமானம் இறங்கிய இடம் என்று கதை. ஏறி இறங்க இரண்டு மணித்தியாலம் போதும், பாதை ஒடுங்கிப் புதருக்குள் போகும், முழுக்கைச் சட்டை நல்லது. கிரிகல்பொத்த இரண்டாவது உயரம், 2,388 மீட்டர், ஆனால் போக மட்டுமே ஏழு கிலோமீட்டர், சேறு, வழி தவறும் இடங்களும் உண்டு, அதை உலக முடிவோடு ஒரே நாளில் சேர்க்காமல் இன்னொரு விடியலுக்கு ஒதுக்குங்கள். அதற்கும் ஆறு மணிக்கே வாசலில் நிற்க வேண்டும்.