சட்டை மேல ஏறினா என்ன ஆகும்? கன்சீல்டு கேரி பண்றவங்க ஓபன் கேரி சட்டத்துல விடற தப்புகள்

துப்பாக்கிய மறைச்சு எடுத்துட்டு போறது கன்சீல்டு கேரி, வெளிய தெரியற மாதிரி எடுத்துட்டு போறது ஓபன் கேரி. அமெரிக்காவுல டெக்சாஸ் ஸ்டேட்ல துப்பாக்கி வச்சிருக்கற நம்மாளுங்ககிட்ட பேசினா நிறைய பேர் இதத்தான் சொல்றாங்க: "நான் சட்டைக்குள்ள மறைச்சுதான் வைக்கறேன், வெளிய காட்டப்போறதே இல்ல, அப்புறம் ஓபன் கேரி சட்டம் எனக்கு எதுக்கு?" முதல் தப்பே இதுதாங்க. மறைச்சு வச்சது எப்பவும் மறைஞ்சே இருக்காது. கடையில மேல் தட்டுல இருக்கற அரிசி மூட்டைய எடுக்க கைய தூக்கினா சட்டை ஏறும், குழந்தைய கார் சீட்ல உக்கார வைக்க குனிஞ்சா பின்னாடி துப்பாக்கிப் பிடி தெரியும், காத்தடிச்சா ஜாக்கெட் விலகும். அந்த ரெண்டு செகண்டு குத்தமா இல்லையாங்கறத அந்த ஸ்டேட்டோட ஓபன் கேரி சட்டம்தான் முடிவு பண்ணுது, உங்க துப்பாக்கி லைசன்ஸ் இல்ல.

டெக்சாஸயே எடுத்துக்கோங்க. 2016 ஜனவரி 1 வரைக்கும் லைசன்ஸ் இருந்தாலும் வேணும்னே வெளிய தெரியற மாதிரி வச்சா குத்தம். அன்னையிலேருந்து லைசன்ஸ் உள்ளவங்க பெல்ட் ஹோல்ஸ்டர்லயோ (ஹோல்ஸ்டர்னா துப்பாக்கிய வைக்கற உறை) தோள் ஹோல்ஸ்டர்லயோ வெளிப்படையா வச்சுக்கலாம்னு ஆச்சு, 2021 செப்டம்பர் 1க்கு அப்புறம் 21 வயசு ஆகி சட்டப்படி வேற தடை எதுவும் இல்லாதவங்களுக்கு லைசன்ஸே வேண்டாம், ஹோல்ஸ்டரும் எந்த வகையா இருந்தாலும் சரி. ஆனா ஹோல்ஸ்டர் கண்டிப்பா இருக்கணும், இந்த ஒரு விஷயத்த பல பேர் விட்டுடறாங்க. "ஓபன் கேரிதான் லீகலாச்சே, தெரிஞ்சா என்ன"ன்னு பேண்ட் இடுப்புல சும்மா சொருகிக்கிட்டு அடுத்தவங்க கண்ணுல படற மாதிரி நடந்தா அது குத்தம்தான். "வேணும்னே"ங்கற வார்த்தை சட்டத்துல இருக்கு, அதனால தவறுதலா தெரிஞ்சா தப்பில்ல, ஆனா அது தவறுதலா நடந்ததுன்னு போலீஸ்கிட்டயும் கோர்ட்லயும் நின்னு பேச வேண்டியது நீங்க. நல்ல ஹோல்ஸ்டர்ல இருந்தா அந்தப் பேச்சுக்கே அவசியம் வராது. கார்லயும் இதே கதைதான், உக்காந்தா இடுப்புல குத்துதுன்னு எடுத்து பக்கத்து சீட்லயோ கப் ஹோல்டர்லயோ வெறுமனே போடறத நானே பாத்திருக்கேன், தயவு செஞ்சு அத பண்ணாதீங்க, கண்ணுல படற மாதிரி இருந்தா கார்லயும் ஹோல்ஸ்டர்ல இருக்கணும்.

அடுத்தது போர்டு. டெக்சாஸ் கடை வாசல்ல துப்பாக்கியோட உள்ள வராதீங்கன்னு சொல்ற 30.06, 30.07னு ரெண்டு விதமான போர்டு இருக்கும். 30.06 லைசன்ஸோட மறைச்சு வச்சிருக்கறவங்களுக்கு, 30.07 லைசன்ஸோட வெளிப்படையா வச்சிருக்கறவங்களுக்கு, லைசன்ஸ் இல்லாம வச்சிருக்கறவங்களுக்கு 30.05னு தனியா ஒண்ணு. 2016க்கு முன்னாடி மறைச்சு வச்சிருக்கறவங்கள கடைக்காரங்க பெரும்பாலும் கண்டுக்கல, கண்ணுக்கு தெரியாத விஷயத்துக்கு யாரு போர்டு மாட்டுவாங்க? ஓபன் கேரி வந்ததும் வாடிக்கையாளருங்க பயப்படறாங்கன்னு போர்டு மாட்ட ஆரம்பிச்சாங்க, சில பேர் எதுக்கு வம்புன்னு ரெண்டையும் சேத்தே மாட்டிட்டாங்க. யாரோ வெளிய காட்டினதுக்கு அமைதியா மறைச்சு வச்சிருந்தவங்க இடத்த இழந்தாங்க, எனக்கு இதுல வருத்தம் உண்டு. அதனால மறைச்சு வச்சிருக்கறவர் 30.07 மட்டும் இருக்கறத பாத்துட்டு திரும்பி போறதும் தப்பு (அது அவருக்கான போர்டு இல்ல), ரெண்டும் இருக்கறப்ப ஒண்ண மட்டும் படிச்சுட்டு உள்ள போறதும் தப்பு. போர்ட மீறினா 200 டாலர் வரைக்கும் அபராதம், ஆனா நேர்ல "வெளிய போங்க"ன்னு சொல்லியும் போகலன்னா கேஸ் ரொம்ப பெருசாயிடும். இன்னொண்ணு, 30.07 மட்டும் இருக்கற கடைக்குள்ள உங்க சட்டை ஏறி துப்பாக்கி தெரிஞ்சா யாராவது கேள்வி கேட்கலாம், அப்ப வாதம் பண்ணாம வெளிய வந்துடுங்க. 2019ல எல் பாசோ வால்மார்ட்ல அந்த துப்பாக்கிச் சூடு நடந்த அடுத்த மாசமே அந்தக் கம்பெனி வெளிப்படையா கொண்டு வராதீங்கன்னு எல்லா கடைக்கும் சேத்து கேட்டுக்கிச்சு, பர்மிட்டோட மறைச்சு வச்சிருக்கறவங்கள அப்ப தடுக்கல.

ஸ்டேட் எல்லைய தாண்டினா இன்னும் குழப்பம். டெக்சாஸ் பழக்கத்த அப்படியே நியூ மெக்சிகோவுக்கு எடுத்துட்டு போறவங்க மாட்டறதுக்கு வாய்ப்பு அதிகம், ஏன்னா அங்க கதை தலைகீழ். வெளிய தெரியற மாதிரி வச்சா லைசன்ஸ் வேண்டாம், ஆனா குண்டு போட்ட துப்பாக்கிய மறைச்சு நடந்தா லைசன்ஸ் வேணும். டெக்சாஸ் லைசன்ஸ் இருந்தா அங்க ஒத்துக்கறாங்க, ஆனா "இங்கதான் லைசன்ஸே வேண்டாமே"ன்னு வாங்காம விட்டவர், காரை விட்டு இறங்கி குளிருதுன்னு ஜாக்கெட்ட மாட்டினாலே அவரோட ஓபன் கேரி கன்சீல்டு கேரியா மாறிடுது. கொலராடோல பொதுவா ஓபன் கேரி ஓகே, டென்வர் சிட்டிக்குள்ள கூடாது. இல்லினாய்ல கைத்துப்பாக்கிய வெளிப்படையா வைக்கவே முடியாது, லைசன்ஸ் இருந்தாலும் முழுசாவோ பெரும்பகுதியோ மறைஞ்சிருக்கணும். ஃப்ளோரிடால பல வருஷம் ஓபன் கேரி தடை இருந்துச்சு, லைசன்ஸ் உள்ளவங்களுக்கு ஒரு நொடி தவறுதலா தெரிஞ்சா குத்தம் ஆகிடக்கூடாதுன்னு 2011லதான் சட்டத்த திருத்தினாங்க, அப்புறம் 2025 செப்டம்பர்ல அப்பீல் கோர்ட் அந்த தடையே அரசியல் சட்டத்துக்கு விரோதம்னு சொல்லிடுச்சு. போன வருஷம் படிச்ச கட்டுரைய நம்பி கிளம்பாதீங்கன்னு நான் சொல்றது இதனாலதான், கிளம்பறதுக்கு முன்னாடி அந்த ஸ்டேட் அரசோட சைட்ட ஒரு தடவை பாருங்க.

சண்டையில சட்டைய லேசா தூக்கி காட்டறது வேற ரகம். பார்க்கிங்ல யாரோ கத்தினாங்க, நாம ஒண்ணும் சொல்லல, இடுப்ப மட்டும் காட்டினோம், ஓபன் கேரி லீகல்தானேன்னு நினைக்காதீங்க. பொது இடத்துல அடுத்தவங்கள பயமுறுத்தற மாதிரி துப்பாக்கிய காட்டறது டெக்சாஸ்லயே தனிக் குத்தம், ஓபன் கேரி சட்டம் அதுக்கு காப்பு கிடையாது.

லைசன்ஸ் வேண்டாத ஸ்டேட்லயும் நான் லைசன்ஸ் வாங்கிக்கோங்கன்னு சொல்றதுக்கு காரணம் உண்டு. ஸ்கூல சுத்தி 1000 அடிக்குள்ள துப்பாக்கி கூடாதுன்னு ஃபெடரல் சட்டம் (நாடு முழுக்க பொருந்தற சட்டம்) இருக்கு, அந்த ஸ்கூல் இருக்கற ஸ்டேட் குடுத்த லைசன்ஸ் இருந்தா அதுல விலக்கு, சும்மா பர்மிட் தேவையில்லாத ஸ்டேட்ல இருக்கேங்கறது விலக்கு ஆகாது. போஸ்ட் ஆபீஸ்ல மறைச்சாலும் கூடாது, காட்டினாலும் கூடாது.

நம்ம ஊர்க்காரங்களுக்கு இதுக்கெல்லாம் முன்னாடி வர்றது விசா. ஹெச்1பி, எல்1, எஃப்1, ஹெச்4 எதுல இருந்தாலும் ஃபெடரல் சட்டப்படி துப்பாக்கி வச்சிருக்கவே முடியாது, செல்லுபடியாகற ஹண்டிங் லைசன்ஸ் மாதிரி சில விலக்கு மட்டும்தான் உண்டு. டெக்சாஸ்ல ஓபன் கேரி லீகல்னு பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார்னு வாங்கிடாதீங்க, ஸ்டேட் சட்டம் உங்கள காப்பாத்தாது. கிரீன் கார்டு இருந்தா இந்தத் தடை இல்ல.

கடைசியா, போலீஸ் நிறுத்தறப்ப. டெக்சாஸ்ல லைசன்ஸ் உள்ளவர் துப்பாக்கியோட இருக்கும்போது ஐடி கேட்டா ஐடியையும் துப்பாக்கி லைசன்ஸையும் சேத்து குடுக்கணும். பர்ஸ் வலது பாக்கெட்ல, துப்பாக்கி அதே பக்கம், எடுக்கப் போனா சட்டை ஏறும், ஆபீசர் கண்ணுக்கு முதல்ல தெரியறது துப்பாக்கிப் பிடி. அதனால ரெண்டு கையும் ஸ்டியரிங் மேல வச்சுட்டு, "என்கிட்ட லைசன்ஸ் இருக்கு, துப்பாக்கி வலது இடுப்புல இருக்கு, பர்ஸும் அந்தப் பக்கம்தான், எப்படி எடுக்கட்டும்?"னு வாயால சொல்லிட்டு, அவர் பதில் சொல்ற வரைக்கும் கைய எடுக்காதீங்க.