மாலியின் சோளக்காட்டில் ஆராய்ச்சி சறுக்கிய இடங்கள்

ஆடிப்பட்டம் தேடி விதை என்று கேட்டு வளர்ந்த நமக்கு விதைப்பு நாள் ஓரளவு கையில் இருக்கிற விஷயம். மாலி நாட்டின் தென்பகுதியில் மானாவாரியாகச் சோளம் போடுகிறவருக்கு அந்தச் சௌகரியம் இல்லை. ஒரு வருடம் மே கடைசியிலேயே மண் நனையும். இன்னொரு வருடம் ஜூலை பிறந்தும் காய்ந்து கிடக்கும். மழை முடிகிற காலம் மட்டும் அவ்வளவாக மாறாது. செப்டம்பர் கடைசி, அக்டோபர் தொடக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். மேற்கு ஆப்பிரிக்க சவன்னாவில் சிறு விவசாயிக்காகப் பயிர் ரகம் உருவாக்கப் போனவர்கள் செய்த முதல் பெரிய தவறு, இந்த மழைக்கணக்கை விட்டுவிட்டு விளைச்சல் கணக்கை மட்டும் எடுத்தது.

அங்குள்ள பழைய சோளத்தை கினி இனம் என்பார்கள். ஆளுயரத்தைத் தாண்டி, சில இடங்களில் இரண்டு ஆள் உயரத்துக்கு வளரும். பகல் பொழுது குறைவதைப் பார்த்துத்தான் பூக்கும். ஜூன் தொடக்கத்தில் விதைத்தாலும் ஜூலையில் விதைத்தாலும் பூப்பது ஏறக்குறைய ஒரே சமயத்தில். பிந்தி விதைத்த செடி தன் வளர்ச்சிக்காலத்தைச் சுருக்கிக்கொள்ளும். மணி முற்றும்போது மழை ஓய்ந்திருக்கும். கதிர் இறுக்கமில்லாமல் தொங்கும், உமி விரிந்துகொடுக்கும், மணி கண்ணாடிபோலக் கெட்டியாக இருக்கும். பூசணமும் கதிர் நாவாய்ப்பூச்சியும் எளிதில் அண்டாது. ஊர் முழுக்க ஒரே வாரத்தில் முற்றுவதால் குருவிக் கூட்டம் ஒருவர் காட்டை மட்டும் காலி செய்வதும் இல்லை. (நம்மூரின் பழைய நீண்டகாலச் சம்பா நெல் சிலவற்றுக்கும் இப்படிப் பகல் நீளம் பார்க்கும் குணம் உண்டு.)

இந்தியாவில் 1964இல் வெளிவந்த சி.எஸ்.எச்.-1 கலப்பினச் சோளமும் அதன் பின்வந்தவையும் குட்டையானவை, சீக்கிரம் முற்றுபவை. அந்த வெற்றி கண்முன் இருந்த காலத்தில், 1970களில், மேற்கு ஆப்பிரிக்காவுக்கும் அதே சாயலில் குட்டையான, இறுக்கமான கதிர் கொண்ட சோளங்கள் கொண்டுபோகப்பட்டன. ஆராய்ச்சிப் பண்ணையில் நன்றாகத்தான் விளைந்தன. விவசாயி கைக்கு வந்தபோது மழை பெய்துகொண்டிருக்கையிலேயே பூத்து முற்றின. மணியில் பூசணம் பிடித்தது. மாவுத்தன்மை அதிகமான மணி உரலில் இடிக்கும்போது உமியோடு சேர்ந்து நொறுங்கியது. அங்கே அன்றாடச் சாப்பாடு ‘தோ’ எனப்படும் சோளக்களி. நொறுங்குகிற மணியில் மாவும் குறையும், களியும் சரியாக வராது. இடிக்கிற பெண்களிடம் முன்கூட்டியே ஒரு படி கொடுத்துப் பார்த்திருந்தால் பல வருட வேலை மிச்சமாகியிருக்கும் என்பது என் எண்ணம்.

அதனால் ஆராய்ச்சி வேண்டாம் என்று முடிவுகட்டுவது எதிர்ப்பக்கத் தவறு. பிற்பாடு மாலியில் உள்ளூர் கினிச் சோளத்தையே பெற்றோராக வைத்து, பகல் நீளம் பார்க்கும் குணம் போகாமல் கலப்பினங்கள் உருவாக்கினார்கள். ஃபட்டா, சேவா, பாப்லோ என்பவை அப்படி வந்தவை. விவசாயிகளின் வயலிலேயே நடந்த சோதனைகளில் இத்தகைய கலப்பினங்களில் சிறந்த மூன்று, நல்ல உள்ளூர் ரகத்தைவிடச் சராசரியாக 30 சதவீதம் கூடுதலாக விளைந்தன.

விவசாயிகளின் வயல் என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஆராய்ச்சிப் பண்ணை நிலம் பல வருடம் உரம் தின்ற நிலம். மரம் இருக்காது, களை நேரத்துக்கு எடுக்கப்படும், ஒரே பயிர் நேர்வரிசையில் நிற்கும். சவன்னாக் காட்டில் நடுநடுவே ஷியா மரமோ, மழைக்காலத்தில் இலை உதிர்த்து வறட்சியில் தழைக்கும் ஃபைதர்பியா மரமோ நிற்கும். விவசாயிகள் அவற்றை வேண்டுமென்றேதான் விட்டுவைத்திருக்கிறார்கள். வீட்டை ஒட்டிய காட்டுக்குச் சாணமும் சாம்பலும் கிடைக்கும். தொலைவில் உள்ள காட்டுக்கு ஒன்றும் கிடைக்காது. அங்கே பெண்களுக்கென்று ஒதுக்கப்படும் துண்டு பெரும்பாலும் சத்துக் குறைந்ததாகவே இருக்கும். அதில் குடும்பக் காட்டு வேலை முடிந்த பிறகுதான் விதைக்க முடியும். மணிச்சத்து (பாஸ்பரஸ்) நிறைந்த மண்ணில் முதலிடம் பிடித்த ரகம் மணிச்சத்து வற்றிய மண்ணிலும் முதலிடம் பிடிக்கும் என்று நினைக்க எந்த ஆதாரமும் இல்லை.

அடுத்தது சுடுமல்லி என்ற வேர் ஒட்டுண்ணிச் செடி. இதை மற்ற களைகளோடு சேர்த்துக் களை என்று எண்ணுவதே பாதித் தோல்வி. ஆப்பிரிக்காவில் சோளம், கம்பு, மக்காச்சோளம் மூன்றையும் அழிப்பது ஸ்ட்ரைகா ஹெர்மான்திகா என்ற வகை. ஊதா நிறத்தில் அழகாகப் பூக்கும். ஒரே செடி பல்லாயிரம் விதை போடும். தூசு போன்ற அந்த விதைகள் மண்ணில் பத்து வருடத்துக்கு மேலும் உயிரோடு கிடக்கும். சோள வேரிலிருந்து கசியும் ஸ்ட்ரைகோலாக்டோன் என்ற பொருளின் வாடை பட்டால்தான் முளைக்கும். முளைத்து வேரைக் கவ்வி, மண்ணுக்கடியிலேயே சாற்றை உறிஞ்சி முடித்துவிட்டுத்தான் வெளியே தலைகாட்டும். ஆகவே கண்ணில் பட்டபின் பிடுங்குவது இந்த வருடப் பயிரைக் காப்பாற்றாது. விதை போடாமல் தடுக்கும், அவ்வளவுதான்.

மண்ணில் மணிச்சத்து குறையக் குறைய வேர் இந்தப் பொருளை அதிகமாகக் கசியவிடும். ஏழை மண்ணில் சுடுமல்லி பெருகுவதன் ரகசியம் இதுதான். எத்தியோப்பியாவில் பிறந்த கெபிசா எஜேட்டா, இந்தப் பொருளைக் குறைவாகக் கசியவிடும் சோள வகைகளைக் கண்டெடுத்துத் தாங்கும் ரகங்களை உருவாக்கினார். 2009இல் உலக உணவுப் பரிசு பெற்றார். ஆனால் தாங்கும் ரகத்தை மட்டும் கொடுத்துவிட்டு மண்ணை அப்படியே விட்டால் பலன் அரைகுறைதான். தட்டைப்பயறு, சோயா போன்றவற்றின் வேர் சுடுமல்லியை முளைக்கத் தூண்டும், ஆனால் ஒட்டவிடாது. பற்ற வேர் கிடைக்காமல் செத்துப்போகும். ரகம், பயிர்ச்சுழற்சி, கொஞ்சம் உரம் மூன்றும் சேர்ந்தால்தான் பிடி கிடைக்கும்.

கொஞ்சம் என்றால் எவ்வளவு? ஏக்கர் கணக்கில் மூட்டை மூட்டையாகப் பரிந்துரைப்பது வாங்க வசதியில்லாதவரிடம் பேசும் பேச்சு. நைஜரில் கம்புக்குப் பரப்பிய முறையில் ஒரு குத்துக்கு 6 கிராம் கலப்பு உரம், அதாவது ஒரு சோடா மூடி அளவு. விதை விழும் இடத்திலேயே போடுவதால் வேருக்கு உடனே எட்டும்.

தட்டைப்பயறில் வேறு மாதிரியான தவறு நடந்தது: காயை மட்டும் எடை போட்டார்கள். வடக்கு நைஜீரியாவின் கானோ பக்கம் தட்டைப்பயறுக் கொடியைக் காயவைத்துச் சுருட்டிக் கூரைமேல் அடுக்குவார்கள். கோடையில் அதுதான் ஆட்டுக்கும் மாட்டுக்கும் தீனி, விற்றால் காசு. காய் நிறையப் பிடித்துக் கொடியே இல்லாத ரகத்தை அவர்கள் ஏன் வேண்டாம் என்றார்கள் என்று இபாதானில் உள்ள பன்னாட்டு வெப்பமண்டல வேளாண் நிறுவனம் புரிந்துகொண்ட பிறகே, தீனிக்கும் தானியத்துக்கும் சேர்த்து இருபயன் ரகங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. சோளத்தட்டையும் இப்படித்தான். வேலி, கூரை, அடுப்பு, தீவனம் எல்லாம் அதில்தான். “அறுவடைக்குப் பின் தட்டையை மண்ணிலேயே மூடாக்காக விடுங்கள்” என்று சொல்கிறவர், அறுத்த காட்டில் ஊர் மாடுகளும் மேய்ப்பர்களின் மந்தையும் இறங்கும் வழக்கத்துக்கு என்ன பதில் வைத்திருக்கிறார்?

நைஜீரியாவின் மரபணு மாற்றத் தட்டைப்பயறு எல்லாப் பூச்சியையும் தடுத்துவிடும் என்று ஒரு தவறான புரிதலும் உலவுகிறது. சாம்பீ 20-டி (SAMPEA 20-T) என்ற அந்த ரகம் 2021இல் விவசாயிகளுக்கு வந்தது. மருகா என்ற காய்த்துளைப்பான் புழுவை மட்டும் அது தடுக்கும். இலைப்பேனும் அசுவினியும் காயைச் சாறுறிஞ்சும் நாவாய்ப்பூச்சியும் வழக்கம்போல வரும். மருந்தடிப்பு குறையும், அடியோடு நிற்காது.

அறுத்து வீட்டுக்கு வந்த பயறைப் பயறு வண்டு தின்பதை ஆராய்ச்சி வெகுகாலம் ஓரமாகத்தான் வைத்திருந்தது. வண்டுக்குப் பயந்து அறுவடை முடிந்த கையோடு, விலை அடிமட்டத்தில் இருக்கும்போதே விற்பதுதான் வழி. 1980களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தாரும் கேமரூன் ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து ஒரு எளிய மூன்றடுக்குப் பையை உருவாக்கினார்கள். உள்ளே இரண்டு தடித்த பிளாஸ்டிக் பை, வெளியே சாதாரண உரச்சாக்கு மாதிரி நெய்த பை. இறுக்கிக் கட்டினால் உள்ளிருக்கும் வண்டே காற்றிலுள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிடும்; பிறகு உடம்புக்கு வேண்டிய நீரைத் தானே உண்டாக்கிக்கொள்ள முடியாமல் உலர்ந்து சாகும். மருந்து எதுவும் வேண்டாம். பயறை நன்றாகக் காயவைக்காமல் அடைப்பது, காற்றைப் பிதுக்கி வெளியேற்றாமல் கட்டுவது, எலி கடித்த ஓட்டையைக் கவனிக்காமல் விடுவது, வண்டு செத்ததா என்று இரண்டு நாளைக்கு ஒருதரம் திறந்து பார்ப்பது ஆகிய நான்கும்தான் இந்தப் பையில் நடக்கும் தவறுகள். நான்காவதைத்தான் அதிகம் சொல்லித் தடுக்கவேண்டியிருக்கும். யாருக்குத்தான் பார்க்கத் தோன்றாது?