சம்பளமில்லாத மாடரேட்டர்கள்: நாம் செய்யும் தவறுகள்

"பைசா வராத வேலைக்கு ஏன் இப்படி உழைக்கிறார்கள்?" இணையக் குழுக்களை நடத்தும் மாடரேட்டர்களைப் பற்றிப் பலரும் கேட்பது இது. கேட்டவரே பதிலும் சொல்லிவிடுவார்: "எல்லாம் அதிகார ஆசைதான்."

முதல் தவறு இதுதான், பெரிய தவறும் இதுதான். அந்த ஆசையோடு வருபவர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் வேலையில் பெரும்பகுதி யார் கண்ணிலும் படாது. நோயாளிகளுக்கான ஒரு குழுவில் நான் மாடரேட்டராக இருந்தேன். ஒருநாள் இரவு பதினொரு மணிக்கு ஒருவர் தன் மருந்துச் சீட்டைப் படம் பிடித்துப் போட்டிருந்தார். பெயர், வயது, போன் நம்பர் எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. பதிவை உடனே மறைத்தேன். அப்புறம், "நம்பரை அழித்துவிட்டு மறுபடி போடுங்கள், பதில் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள்" என்று அவருக்குத் தனியாக எழுதினேன். பத்து நிமிடத்தில் போட்டார். நடந்தது எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும்.

நான் அங்கே போனதே அப்பாவின் நோய்க்காகத்தான். முகம் தெரியாத ஒருவர் பொறுமையாக எழுதிய பதிலைப் பிடித்துக்கொண்டுதான் அந்த வாரத்தை ஓட்டினேன். அப்படிப்பட்ட இடம் விளம்பரமும் வசவுமாக நாறிப்போவதைப் பார்த்துக்கொண்டிருக்க மனம் வரவில்லை.

அடுத்தது நிறுவனங்கள் செய்யும் தவறு. மனமுவந்து செய்வதைக் கூலியில்லாத உத்தியோகமாக மாற்றிவிடுகிறார்கள். 1990களில் ஏஓஎல் என்ற அமெரிக்க இணைய நிறுவனத்தின் அரட்டை அறைகளைக் கவனித்துக்கொள்ள ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் இருந்தார்கள். பெயர்தான் தன்னார்வலர், வாரத்துக்கு இத்தனை மணி நேரம், அதற்குக் கணக்கு என்று எல்லாம் வேலைக்காரர்களுக்கு உள்ளதுதான். 1999இல் முன்னாள் தன்னார்வலர்கள் ஊதியம் கேட்டு வழக்குப் போட்டார்கள். 2010இல் 1.5 கோடி டாலரில் சமரசமானது. ரெட்டிட் என்ற விவாதக் குழுத் தளம், வெளியார் செய்த செயலிகள் தன்னோடு இணையும் வழியான ஏபிஐக்குக் கட்டணம் அறிவித்ததை எதிர்த்து, 2023 ஜூனில் மாடரேட்டர்கள் ஆயிரக்கணக்கான குழுக்களை மூடிவைத்துப் போராடினார்கள். அப்போதும் அவர்கள் சம்பளம் கேட்கவில்லை. பயன்படுத்திவந்த செயலிகளும் கருவிகளும் கைவிட்டுப் போகக் கூடாது என்றார்கள். காசு வாங்காதவர்களிடம் கேட்காமல் எதையும் மாற்றலாம் என்று நினைப்பதைவிட அவமதிப்பு வேறில்லை.

புது மாடரேட்டர் வேண்டும் என்றால் முதலில் கை தூக்கியவரைப் போட்டுவிடாதீர்கள். பதவி இல்லாதபோதே புதியவர்களுக்கு அலுக்காமல் பதில் எழுதுகிறவர் யார் என்று பாருங்கள்.

சரி, மாடரேட்டர்கள் செய்யும் தவறு? எல்லாவற்றையும் தனியாகச் சுமப்பது. கண் விழித்ததும் புகார்ப் பட்டியலைத் திறக்கிறீர்கள், சாப்பிடும்போதும் யாரோ எழுதிய வசவு மனதில் ஓடுகிறது என்றால், பொறுப்பைப் பகிர வேண்டிய நாள் எப்போதோ கடந்துவிட்டது. அந்த நிலைக்கு நானும் வந்தேன். இரண்டு மாதம் இரண்டு பேருக்கு வேலையைப் பழக்கிவிட்டு விலகினேன். இப்போதும் அந்தக் குழுவில்தான் இருக்கிறேன், புதிதாக வருகிறவர்களின் கேள்விகளுக்குப் பதில் எழுதிக்கொண்டு.