பழைய லேப்டாப் ஆன் ஆக அடம்பிடிக்கிறதா? எதுவரைக்கும் வருகிறது என்று முதலில் பாருங்கள்

சாரல் மழை சீசன் தொடங்கிவிட்டால் தென்காசி மாவட்டத்துச் செங்கோட்டை, புளியரை பக்கம் துணி காயாது, அப்பளம் நமுத்துப்போகும், வீட்டில் கிடக்கிற பழைய லேப்டாப்பும் முரண்டு பிடிக்க ஆரம்பிக்கும். 2011-க்குப் பிறகு பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அரசு கொடுத்த லேப்டாப்பை இன்னும் துடைத்து வைத்திருக்கிற வீடுகள் இங்கே நிறைய. அது ஆன் ஆகவில்லை என்றதும் பையில் போட்டுக்கொண்டு தென்காசிக்கோ, மலை இறங்கிக் கேரளத்துப் புனலூருக்கோ ஓட வேண்டாம். எந்தக் கடைக்குப் போனாலும் முதல் கேள்வி "எதுவரைக்கும் வருது?" என்பதாகத்தான் இருக்கும், செலவு எவ்வளவு என்பதும் அதற்கு நீங்கள் சொல்லும் பதிலில்தான் இருக்கிறது.

பட்டனை அமுக்கினால் லைட்டே எரியவில்லையா? சார்ஜரைச் சந்தேகப்படுங்கள். அடாப்டரின் அடியில் அவுட்புட் எத்தனை வோல்ட் என்று அச்சடித்திருக்கும், பெரும்பாலும் 19 அல்லது 19.5. தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் மல்டிமீட்டர் இருந்தால் அந்த அளவு வருகிறதா என்று பார்த்துவிடலாம். சரியாக வந்தால், சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியையும் கழற்றிவிட்டு, பவர் பட்டனை அரை நிமிடம் அமுக்கிப் பிடியுங்கள். அப்புறம் பேட்டரி இல்லாமல் சார்ஜரை மட்டும் செருகி ஆன் செய்யுங்கள். ஆன் ஆகிவிட்டால் மதர்போர்டு நன்றாக இருக்கிறது, பெரும்பாலும் பேட்டரிதான் போயிருக்கும். ஒன்று மட்டும் கவனம்: டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு நின்றாலோ, அடி மூடி பிதுங்கினாலோ பேட்டரி வீங்கியிருக்கிறது, அதைச் சார்ஜ் போடக்கூடாது, குத்தவோ அமுக்கவோ கூடாது.

லைட் எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, ஆனால் திரை கறுப்பாகவே இருக்கிறது. மழைக்காலத்தில் அதிகம் பார்ப்பது இதைத்தான். முதலில் அறையை இருட்டாக்கி, டார்ச்சைத் திரையில் சாய்வாக அடித்துப் பாருங்கள், மங்கலாக எழுத்து தெரிந்தால் கோளாறு திரையின் விளக்கில்தான். எச்டிஎம்ஐ ஒயர் போட்டு டிவியில் இணைத்தாலும் விஷயம் தெரிந்துவிடும். இரண்டிலும் ஒன்றும் வரவில்லை என்றால் ராமை (கம்ப்யூட்டரின் தற்காலிக நினைவகப் பட்டை) கழற்ற வேண்டும். சார்ஜர், பேட்டரி இரண்டையும் எடுத்துவிட்டு அடி மூடியைத் திறந்தால், இருபக்கமும் சிறிய கிளிப் பிடித்திருக்கும் பச்சைப் பட்டை தெரியும், அதுதான் ராம். கிளிப்பை வெளிப்பக்கமாக விலக்கினால் தானே சாய்ந்து எழும். விளிம்பில் வரிசையாக இருக்கிற தங்க நிறப் பற்களைப் பாருங்கள், ஈரக்காற்று பட்டுப்பட்டு மங்கிப்போய், சில இடத்தில் லேசாகக் களிம்பு பூத்திருக்கும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் வெள்ளை ரப்பரை எடுத்து அந்தப் பற்களை மட்டும் மெதுவாகத் தேயுங்கள் (பேனா மை அழிக்கிற சொரசொரப்பு ரப்பர் வேண்டாம், பூச்சையே சுரண்டிவிடும்), தூளைத் தட்டிவிட்டு, சாய்வாகச் செருகி, இரண்டு பக்கமும் டக் என்று விழும்வரை அமுக்குங்கள். இரண்டு ராம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். ஒரு பைசா செலவில்லாத வேலை இது, பல லேப்டாப் இதிலேயே எழுந்துவிடும்.

கம்பெனி லோகோ வருகிறது, அதற்குப் பிறகு 'பூட் டிவைஸ் இல்லை' என்று சொல்லி நின்றுவிடுகிறதா? உடனே ஹார்ட் டிஸ்க் போச்சு என்று முடிவு கட்டாதீர்கள். பயாஸுக்குள் (விண்டோஸ் வருவதற்கு முன்பே ஓடுகிற, மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) போய்த் தேதியைப் பாருங்கள். ஆன் செய்யும்போதெல்லாம் தேதி பல வருடம் பின்னால் போய் நிற்கிறது, முன்பு விண்டோஸ் வந்தபோதும் பிரவுசரில் எந்தத் தளத்தைத் திறந்தாலும் பாதுகாப்பில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தது என்றால், மதர்போர்டில் இருக்கிற பொத்தான் பேட்டரி தீர்ந்திருக்கிறது. சிஆர்2032 என்று கேட்டால் வாட்ச் கடையிலேயே கிடைக்கும், 3 வோல்ட். சில மாடலில் அது ஒயரோடு பிளாஸ்டிக் உறை போட்டு இருக்கும், அதற்கு அதே மாதிரிதான் வாங்க வேண்டும். இந்தப் பேட்டரி தீர்ந்தால் பயாஸ் தன் செட்டிங்கை மறந்து, எந்த முறையில் பூட் ஆக வேண்டும் என்பதையே மாற்றிக்கொள்ளலாம். பேட்டரியை மாற்றிய பிறகு பயாஸுக்குள் போய் யூஇஎஃப்ஐ, லெகசி இரண்டில் முன்பு எது இருந்ததோ அதை வைத்துப் பாருங்கள்.

கடைசியாக, விண்டோஸ் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, டெஸ்க்டாப் வருவதற்குள் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம் என்கிற நிலை. பழைய லேப்டாப்பில் இதற்கு முக்கியக் காரணம் ஹார்ட் டிஸ்க். பூட் ஆகும்போது அங்கங்கே சிதறிக் கிடக்கிற ஆயிரக்கணக்கான சின்ன ஃபைல்களை, சுழல்கிற தட்டில் முள் ஓடி ஓடிப் படிக்க வேண்டும், தேய்ந்த டிஸ்க் ஒவ்வொரு இடத்திலும் திக்கித் திணறும். இந்த நேரத்தில் பலரும் செய்கிற காரியம், விண்டோஸை மறுபடி போடுவது அல்லது டிஸ்க்கை ரிப்பேர் செய்யும் கட்டளையை ஓட்டுவது. சாகக் கிடக்கிற டிஸ்க்கை அப்படி விரட்டினால் கல்யாண போட்டோவெல்லாம் சேர்ந்து போய்விடும். வேறொரு கம்ப்யூட்டரில் லினக்ஸ் மின்ட்டை (விண்டோஸுக்குப் பதில் போடக்கூடிய இலவச ஆபரேட்டிங் சிஸ்டம்) பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து பூட் செய்து, வேண்டியதையெல்லாம் வெளி டிஸ்க்குக்கு நகல் எடுங்கள். டக் டக் என்று சத்தம் வந்தால் அதுவும் வேண்டாம், உடனே அணைத்துவிடுங்கள்.

நகல் எடுத்தாயிற்றா, சரி. விண்டோஸ் எப்படியாவது வருகிறது என்றால் டிஸ்க்கின் நிலைமையைச் சொல்கிற கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளைப் போட்டுப் பாருங்கள், மஞ்சளோ சிவப்போ காட்டினால் டிஸ்க்கை மாற்றத்தான் வேண்டும். நீலமாக இருந்தால் டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் பக்கம் போய்த் தேவையில்லாததை நிறுத்திப் பாருங்கள், ஓரளவு குறையும். என் கணக்கில் எப்படியானாலும் இரண்டரை அங்குல சாட்டா எஸ்எஸ்டிதான் (சுழலும் தட்டு இல்லாத, வேகமான டிஸ்க்) சரியான செலவு, பழைய டிஸ்க் இருந்த அதே இடத்தில் உட்காரும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது, இந்தப் பழைய பிராசசர்களை விண்டோஸ் 11 ஏற்காது, அதனால் புது எஸ்எஸ்டியில் லினக்ஸ் மின்ட்டையே போட்டுவிடலாம். பிரவுசர், பாட்டு, பிள்ளைகளின் அசைன்மென்ட்டுக்குத் தாராளம்.

இதில் எதற்கும் மசியவில்லை என்றால் மதர்போர்டு வேலை, கடைக்குத்தான் போக வேண்டும். செலவு எவ்வளவு என்று அவர்கள் சொல்லி, நீங்கள் சரி என்ற பிறகு கை வைக்கச் சொல்லுங்கள். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள், மதர்போர்டைப் பார்க்க அவர்களுக்கு அது தேவைப்படாது.