வாழைக்குட்டியைத் தெரிந்து நடும் முறை

வாழை வைக்க விரும்பும் புதியவர்கள் முதலில் உரத்தைப் பற்றியே கேட்கிறார்கள். ஆனால் குலையின் அளவு பெரும்பாலும் குட்டியைத் தெரிவுசெய்யும்போதே தீர்மானமாகிவிடுகிறது. கப்பலோ, இதரையோ, மொந்தனோ, எந்த வாழை இனத்துக்கும் முறை ஒன்றே.

தாய்மரத்தின் அடியில் இரண்டு வகைக் குட்டிகள் வரும். இலை வாள்போல் ஒடுங்கி, அடி பருத்து, மேலே கூம்பியிருப்பதே நல்ல குட்டி. சிறு வயதிலேயே இலை அகன்று அழகாக நிற்பதற்குக் கிழங்கு சிறிதாக இருக்கும் என்பதால் அதை விட்டுவிடுங்கள். தாய்மரத்தின் இலைக்காம்பில் கரும்பச்சைக் கோடுகள் தெரிந்தாலோ, உச்சியில் இலைகள் குறுகிக் கொத்தாக நிமிர்ந்தாலோ அது முடிக்கொத்து நோய். அந்தப் பற்றையிலிருந்து எதையும் எடுக்கக்கூடாது.

குட்டியைப் பெயர்க்க மண்வெட்டியைவிட அலவாங்கையே (கடப்பாரை) விரும்புகிறேன். கிழங்கில் காயம் குறைவு.

அடுத்த படியைத்தான் பலரும் தவிர்க்கிறார்கள். வேர்களை அறவே நீக்கி, கூரிய கத்தியால் கிழங்கின் மேற்தோலை வெண்சதை தெரியும்வரை மெல்லிதாகச் சீவுங்கள். சதையில் கருமையான துளைகள் ஓடினால் கிழங்கு வண்டின் புழு உள்ளே இருந்திருக்கிறது. துளை மேலோடு முடிந்தால் சீவி எடுக்கலாம், நடுவரை சென்றால் அந்தக் குட்டியைத் தோட்டத்துக்கு வெளியே எரித்துவிடுவதே நல்லது. சீவிய கிழங்கை 55 பாகை செல்சியஸ் வெந்நீரில் 20 நிமிடம் அமிழ்த்தினால், கண்ணுக்குத் தப்பிய முட்டைகளும் வேர்ப்புழுக்களும் பெருமளவு அழியும். கைச்சூட்டை நம்பாமல் வெப்பமானி வைத்திருங்கள். சூடு மிஞ்சினால் முளையே வெந்துவிடும்.

குழி 2 அடி நீளம், அகலம், ஆழம். இடைவெளி 8 அடி. யாழ்ப்பாணத்து நீர்வேலிப் பக்கத்துச் செம்மண்ணில் வெட்டுவது எளிது என்றாலும், குடாநாட்டில் சுண்ணக்கல் எங்கே மேலெழுந்திருக்கும் என்று சொல்ல முடியாது. முதலில் அலவாங்கால் குத்திப் பாருங்கள். மேல்மண்ணுடன் மக்கிய மாட்டெருவைக் கலந்து, கிழங்கு மூடும்வரை குழியை அரைவாசிக்கு நிரப்பி மிதித்து, கிணற்று நீரை உடனே பாய்ச்சுங்கள்.

பின்சேர்க்கை: குழியை அப்படி அரைவாசி நிரப்பியதோடு விட்டதால் மாரிமழை தேங்கிக் கிழங்கு அழுகியதாகச் சில வாசகர்கள் எழுதியிருந்தார்கள். கோடையில் நீர் கட்ட அந்தப் பள்ளம் உதவும். ஐப்பசிக்கு முன் மண்ணை அணைத்து மேடாக்கி, நீர் வடிய வாய்க்கால் வெட்டிவிட வேண்டும். பொத்தி (வாழைப்பூ) தள்ளும்வரை பக்கக் குட்டிகளை நிலமட்டத்தில் வெட்டிவாருங்கள்; அதன்பின் மறுதாம்புக்கு (அடுத்த விளைச்சலுக்கு) ஒன்றை மட்டும் விட்டால் போதும்.