சிக்கன் கட்லெட்: மேல்தோடு ஏன் கழன்று வருகிறது?

நான் சொல்வது உருளைக்கிழங்கு பிசைந்து தட்டும் கட்லெட் அல்ல. எலும்பில்லாத நெஞ்சுக்கறியை மைதா, முட்டை, பிரெட் தூள் என்று வரிசையாகப் புரட்டிப் பொரிப்பது. புதிதாகச் செய்பவர்கள் பக்கத்தில் நின்று பார்த்தால், ஒரு காலத்தில் நான் செய்த அதே தவறுகள்தான். உப்பு, காரம் முன்னே பின்னே இருந்தால் அடுத்த முறை தானே சரியாகிவிடும். கீழே இருப்பவை அப்படிச் சரியாவதில்லை.

ஈரக் கறியில் மாவு போடுவது

இன்றும் எரிச்சல் தருவது இதுதான். கறியை அலசி, தயிரும் இஞ்சி பூண்டு விழுதும் போட்டு ஊறவைத்து, சொட்டச் சொட்ட அப்படியே மைதாவில் போடுகிறார்கள். சிக்கன் 65க்கு அது சரி, மசாலாவும் மாவும் ஒரே கலவையாகக் கறியைப் பிடித்துக்கொள்ளும். இங்கே மைதா பசையாகிவிடும், அதன் மேல் முட்டை பிடிக்காது. எண்ணெயில் விழுந்ததும் உள்ளே இருக்கும் நீர் ஆவியாகி, இறுகிய தோட்டைக் கறியிலிருந்து தூக்கிவிடும்.

அண்ணன் மகள் விருந்தாளிகளுக்காகச் செய்தபோது இதுதான் நடந்தது. முதல் துண்டைத் திருப்பினாள். தோடு முழுசாகக் கரண்டியோடு வந்துவிட்டது, கீழே வெள்ளைவெளேரென்று கறி. “அத்தை, இன்னும் கொஞ்சம் மாவு போட்டா ஒட்டுமா?” என்றாள். ஒட்டாது, பசைதான் கூடும். அதற்குள் உதிர்ந்த தூள் அடியில் கருகி, அடுத்து வந்த துண்டுகளெல்லாம் கசந்தன. ஒரு வாணலி நல்ல எண்ணெயைக் கொட்ட வேண்டியதாயிற்று. எண்ணெய் விற்கிற விலையில் வயிறு எரிகிறது.

கறிக்கு உப்பு மட்டும் தடவி அரை மணி நேரம் வையுங்கள். மேலே நீர் கசிந்து நிற்கும். பருத்தித் துணியாலோ டிஷ்யூவாலோ ஒற்றி எடுங்கள், விரலில் ஈரம் ஒட்டக் கூடாது. மிளகுத்தூள், மிளகாய்த்தூளை மைதாவில் கலந்துவிடுங்கள். இஞ்சி பூண்டு வாசனை வேண்டுமென்றால் விழுதைப் பிழிந்து சாற்றை மட்டும் முட்டையில் விடுங்கள். மைதா மெல்லிய படலமாக இருந்தால் போதும், மிச்சத்தைத் தட்டி உதறிவிடுங்கள். முட்டையில் முக்கி, வடியவிட்டு, தூளில் வைத்து உள்ளங்கையால் அழுத்துங்கள். அப்புறம் 15 நிமிடம் ஃபிரிட்ஜில் இருக்கட்டும். இந்தக் காத்திருப்பில்தான் மூன்று அடுக்கும் ஒன்றாகப் பிடிக்கும்.

ரஸ்க் தூள்

கடை ரஸ்க்கில் சர்க்கரை இருக்கிறது. உள்ளே வேகும் முன்பே மேலே கறுத்துவிடும். இனிப்பில்லாத பழைய பிரெட்டை உலர்த்திப் பொடியுங்கள், கொஞ்சம் கொரகொரப்பாகவே இருக்கட்டும்.

தடிமனான துண்டு

நெஞ்சுக்கறி ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்திருக்கும். படுக்கைவாக்கில் இரண்டாகக் கீறி, பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, சப்பாத்திக் கட்டையால் 1 செ.மீ. அளவுக்குச் சமமாகத் தட்டுங்கள்.

எண்ணெய்ச் சூடு

170 முதல் 180 டிகிரி செல்சியஸ். வெப்பமானி இல்லையா? ஒரு சிட்டிகை பிரெட் தூளைப் போடுங்கள். உடனே நுரைத்து மேலே வர வேண்டும், ஆனால் கருகக் கூடாது. ஒவ்வொரு முறையும் சூடு திரும்பிய பிறகே அடுத்ததைப் போடுங்கள்.

வாணலியை நிரப்புவது

ஒரு தடவைக்கு இரண்டு துண்டு.

பொரித்ததை டிஷ்யூவில் அடுக்குவது

அடிப்பக்கம் வேர்த்து நமுத்துப் போகும். கம்பி வலையில் தனித்தனியாக வையுங்கள்.

ஹாட்பாக்ஸில் மூடுவது

வேண்டவே வேண்டாம்.