நியூ மெக்சிகோவின் ஸ்பானியக் குடியேறிகள் வரை வம்சாவளி தேடுவது எப்படி?

1598-இல் ஸ்பானியக் குடியேறிகளை அழைத்துவந்த ஓன்யாத்தேயுடன் வந்த யாரோ ஒருவரிலிருந்து கீழே இறங்காதீர்கள். தாத்தா, பாட்டியில் தொடங்கி மேலே ஏறுங்கள். 1850 முதலான அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் குடும்பம் வாழ்ந்த ஊர் தெரிந்துவிடும். பிறகு அவ்வூர்த் தேவாலயத்தின் ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகள். பலவற்றின் படங்கள் ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசம்.

உண்மையான புதையல், திலிஹென்சியாஸ் மத்ரிமோனியாலெஸ் எனும் திருமண முன்விசாரணை ஆவணம்தான். மணமக்கள் இரத்த உறவினர் என்றால் திருச்சபையின் விலக்கு தேவை. அதற்காகப் பொது மூதாதை வரை கொடிவழியை எழுதிக் காட்டினார்கள். ஒரே தாளில் மூன்று நான்கு தலைமுறைகள் கிடைக்கலாம்.

வழி அடைபடுவது பெரும்பாலும் 1680-இல்தான். ஸ்பானியரை விரட்டிய புவெப்லோ பூர்வகுடி மக்களின் கிளர்ச்சியில் பதிவேடுகள் பல அழிந்தன. அப்போது தப்பியவர்களின் பட்டியலையும், 1693-இல் ஸ்பானிய ஆளுநர் தே வர்காஸுடன் திரும்பியவர்களின் பட்டியலையும் ஒப்பிடுங்கள்.

பாக்கா என்ற குடும்பப்பெயரே வாக்கா என்றும் எழுதப்படும், இரண்டையும் தேடுங்கள். குடும்பப்பெயர் ஒன்றானால் இரத்தமும் ஒன்று என்று முடிவுகட்டாதீர்கள். ஹெனீசரோ எனப்பட்ட, சிறைபிடிக்கப்பட்ட பூர்வகுடியினருக்கு, அவர்களை வைத்திருந்த வீட்டாரின் பெயரே ஞானஸ்நானத்தில் சூட்டப்பட்டதுண்டு. அவர்களும் உங்கள் முன்னோராக இருக்கலாம். அந்தக் கிளையையும் விடாமல் எழுதுங்கள்.